கரஸில் சமூகவியல்: வேலையை விடாமல் ஒரு பட்டம்

"கரஸ்ல என்ன படிக்கறீங்க?" என்று கேட்டவரிடம் "சோசியாலஜி" என்று சொன்னால், அடுத்து என்ன கேட்பார் என்பது தெரிந்ததுதான்: "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் படிப்பில் சேர்கிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவர்கள். காவல் நிலையத்தில் எழுத்தராக இருப்பவர், அங்கன்வாடிப் பணியாளர், அரசு மருத்துவமனைச் செவிலியர், மகளிர் குழுக்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனக் களப்பணியாளர், ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு விருப்பப் பாடம் தேடுகிறவர், கல்யாணத்தால் நின்றுபோன படிப்பைப் பிள்ளைகள் வளர்ந்தபின் மறுபடி தொடுகிற அம்மா. இவர்கள் எல்லோரும் நாள் முழுக்க மனிதர்களோடு புழங்குகிறவர்கள். முறையாகக் கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் இருபது வயது மாணவருக்கு இல்லாத ஒரு வசதி இது. தொலைநிலை மாணவர் அதைத் தெரிந்து பயன்படுத்த வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது.

இதற்குத் தமிழ் மண்ணிலேயே நூறாண்டு பழைய முன்னுதாரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிய மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். ஊரில் எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு நிலம், கூலி எவ்வளவு, கடன் யாரிடம், சாப்பாடு என்ன என்று மாணவர்கள் தங்கள் ஊரிலேயே விசாரித்து எழுதி வந்தார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து உருவான தொகுப்பு 1918இல் நூலாக வந்தது. அதில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அதன்பிறகு வெவ்வேறு தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அந்த ஊருக்குப் போனார்கள். 2008 வரைக்கும் போனார்கள். பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி எப்படித் தளர்ந்தது, கூலிக்காரர்களின் பிழைப்பு எப்படி ஊருக்கு வெளியே நகர்ந்தது என்பதை ஒரே ஊரை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின்தொடர முடிந்திருக்கிறது. தொடங்கி வைத்தவர்கள் லீவில் ஊருக்குப் போன மாணவர்கள்!

இயற்பியலுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். செவிலியர் படிப்புக்கு வார்டு வேண்டும். அதனால்தான் மருத்துவம், செவிலியம், பொறியியல், சட்டம், வேளாண்மை போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதிப்பதில்லை. 2025இல் உளவியலும் அந்தத் தடைக்குள் வந்துவிட்டது. சமூகவியலுக்கு மாணவரின் ஊரும் வேலையிடமுமே ஆய்வுக்கூடம்; அதற்கு அப்படித் தடை எதுவும் இல்லை.

சேர்வதற்கு முன்

பணம் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அங்கீகாரம். இதில் அவசரப்பட்டுச் சிக்கிக்கொண்டவர்கள் ஏராளம்.

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஹைதராபாத்தில் வந்தது. இன்று அது அம்பேத்கர் பெயரைத் தாங்கியிருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், எல்லோரும் சொல்வதுபோல் சொன்னால் இக்னோ, 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே பிறந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் சட்டமன்றச் சட்டத்தால் அமைந்தது. சென்னை சைதாப்பேட்டையில் இருக்கிறது. வழக்கமான பல்கலைக்கழகங்களும் தொலைநிலைப் பிரிவுகளை நடத்துகின்றன. தொலைநிலைக் கல்விக்கான அங்கீகாரத்தை முன்பு இக்னோவின் கீழ் இருந்த ஒரு குழு கவனித்தது. 2013 முதல் அந்தப் பொறுப்பு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவிடம் இருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு நல்ல பெயர் இருக்கிறது என்பது மட்டும் போதாது. யு.ஜி.சி. அங்கீகாரம் கொடுப்பது நிறுவனத்துக்கு மட்டுமல்ல. இந்த நிறுவனம், இந்தப் பாடம், இந்த ஆண்டுச் சேர்க்கை என்று சேர்த்துத்தான் கொடுக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாற்றுக்கு அனுமதி இருந்து எம்.ஏ. சமூகவியலுக்கு இல்லாமலும் போகலாம். சேர்கிற மாதத்தில் யு.ஜி.சி. தளத்தில் இருக்கும் பட்டியலைத் திறந்து மூன்றையும் சரிபார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து வருடம் கழித்துப் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அலுவலகம் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.

அங்கீகாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி இல்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களை நிறுத்திவைத்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள், அதற்குள் வேலையில் பல வருடம் கழித்துவிட்டவர்கள், மறுபடி தேர்வு எழுத வேண்டிய நிலை வந்தது. சமூகவியல் மாணவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்றாலும் பாடம் பொதுவானது. "ஒரே வருஷத்துல டிகிரி", "பரீட்சைக்கு வர வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்" என்று பேசும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில், சொந்தப் பெயரில் நேரடியாகக் கட்ட வேண்டும். 2024 முதல் யு.ஜி.சி. ஒவ்வொரு தொலைநிலை மாணவருக்கும் தனி அடையாள எண்ணைக் கட்டாயமாக்கியிருக்கிறது. டிஜிலாக்கர் மூலம், படிப்பின் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கைத் திறந்து, அதை வைத்து இந்த எண்ணை வாங்க வேண்டும். இதற்கு ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயர் ஒத்துப்போவது அவசியம். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றிருந்தால் சேர்க்கைக்கு முன்பே திருத்திவிட வேண்டும்.

முறையாக அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம். 2022இல் யு.ஜி.சி. இதை வெளிப்படையாக அறிவித்தது. அதே ஆண்டில் இரண்டு பட்டப்படிப்புகளை ஒரே சமயத்தில் படிக்கவும் அனுமதி வந்தது. கல்லூரியில் ஒரு பட்டம் படித்துக்கொண்டே கரஸில் எம்.ஏ. சமூகவியல் எழுதலாம்.

தமிழக அரசு வேலையைக் குறிவைப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் இளங்கலை என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசுப் பணிக்குப் பட்டம் செல்லும். பள்ளிப் படிப்பை முடிக்காமல் திறந்தநிலையில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் இதில் அடிபடுகிறார்கள். இரண்டாவது, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு இடஒதுக்கீடு. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை 2020இல் திருத்தியபின், முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பட்டம் அடிப்படைத் தகுதியாக இருக்கும் பதவிக்கு, அந்த இளங்கலையை ஆங்கிலவழியில் முடித்தவர் அந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. அந்தச் சலுகை முக்கியம் என்று நினைப்பவர், பாடத்தின் பயிற்றுமொழி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சேர வேண்டும். தமிழ்வழி வேண்டுவோர் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இக்னோவின் எம்.ஏ. சமூகவியல் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கிறது.

1,920 மணி நேரம்

இக்னோவின் எம்.ஏ. சமூகவியலை எடுத்துக்கொண்டால் படிப்பின் அளவு பிடிபடும். எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் சேரலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. மொத்தம் 64 கிரெடிட். முதலாண்டில் நான்கு கட்டாயத் தாள்கள்: சமூகவியல் கோட்பாடுகளும் கருத்துகளும், ஆய்வு முறையியல், வளர்ச்சியின் சமூகவியல், இந்தியாவில் சமூகவியல். ஒவ்வொன்றும் 8 கிரெடிட். இரண்டாமாண்டில் விருப்பத் தாள்கள். குறைந்தது இரண்டு ஆண்டு; அதிகபட்சம் நான்கு ஆண்டு. நெடுநாளாக இருந்துவரும் அமைப்பு இது. பாடத்திட்டங்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால், சேரும் ஆண்டின் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 64 கிரெடிட் என்றால் 1,920 மணி நேரம். இரண்டு வருடத்தில் பிரித்தால் வாரத்துக்குப் பதினெட்டரை மணி நேரம், அதாவது நாள் தவறாமல் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். சேரும்போது இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒருவரால் தினமும் இவ்வளவு நேரம் ஒதுக்க முடியாது. அதனால் மூன்று வருடத் திட்டம் போடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான்கு வருடம் அனுமதித்திருப்பதே இதற்காகத்தான். முதலாண்டில் இரண்டு தாளை மட்டும் எழுதி, மீதி இரண்டை அடுத்த பருவத்துக்குத் தள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: முதலாண்டுத் தேர்வு எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டாமாண்டுக்கு உரிய நேரத்தில் மறுபதிவு செய்துவிட வேண்டும். "பாஸ் பண்ணிட்டுக் கட்டலாம்" என்று காத்திருந்து அடுத்த சேர்க்கைக்குத் தள்ளப்பட்டவர்கள் நிறைய.

புத்தகங்கள் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இக்னோவின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் என்ற அதன் இணையக் களஞ்சியத்தில் இலவசமாக இருக்கின்றன. சமூகவியலே புதிது என்பவர், எம்.ஏ. பாடத்தைத் தொடுவதற்கு முன் என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புச் சமூகவியல் நூல்களைப் படித்துவிட வேண்டும். எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அவையும் இலவசம்தான். குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் தொடங்குவதும் அங்கிருந்துதான். தமிழில் பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்', தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பாடத்திட்டத்தில் இல்லாதவைதான். ஆனால் உப்பு, துணி, தெருக் கோயில் என்று அன்றாடம் பார்ப்பதிலிருந்து சமூகத்தைப் பற்றி எப்படிப் பேசலாம் என்பதற்கு தொ.ப.வைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது அரிது.

தியரியை எங்கிருந்து பிடிப்பது

பெரும்பாலோர் தடுக்கி விழுவது முதல் தாளில். துர்க்கைம், வெபர், மார்க்ஸ், பார்சன்ஸ் என்று பெயர்கள் வரிசையாக வரும்; கலைச்சொற்கள் குவியும். மனப்பாடம் செய்து தப்பிக்கலாம் என்று தோன்றும். அது பலிக்காது.

ஒவ்வொரு சிந்தனையாளரிடமும் மூன்றே கேள்விகளைக் கேட்டால் போதும். அவரைத் தூங்கவிடாத கேள்வி எது? அதற்கு அவர் திரட்டிய சான்று என்ன? வந்து சேர்ந்த முடிவு என்ன? துர்க்கைமின் 'தற்கொலை' 1897இல் வெளிவந்தது. ஒருவர் தனிப்பட்ட துயரத்தில் எடுப்பதாகத் தோன்றும் முடிவின் விகிதம், ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாட்டில் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது ஏன் என்பது அவர் கேள்வி. ஐரோப்பிய நாடுகளின் புள்ளிவிவரங்கள் அவர் சான்று. கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டன்ட் மக்களிடையேயும், மணமானவரைவிட மணமாகாதவரிடையேயும் விகிதம் கூடுதலாக இருப்பதைக் காட்டி, மனிதரைச் சமூகத்தோடு பிணைக்கும் கட்டு தளர்வதையும் இறுகுவதையும் காரணமாகச் சொன்னார். இந்த மூன்றும் அரைப் பக்கத்தில் அடங்கும். நெறிகள் தளர்ந்த நிலையைக் குறிக்கும் அனோமி போன்ற சொற்கள் இதற்குள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வெபரைப் பிடிக்கத் தமிழ் மாணவருக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. வர்க்கம், அந்தஸ்து, அதிகாரம் மூன்றும் தனித்தனி என்று வெபர் சொல்வதை வெறுமனே படித்தால் காற்றில் நிற்கும். கூடவே சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயின் 'சாதி, வர்க்கம், அதிகாரம்' என்ற ஆங்கில நூலைப் படிக்க வேண்டும். 1961-62இல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி அவர் செய்த ஆய்வு, 1965இல் நூலாக வந்தது. ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் ஸ்ரீபுரம். அக்ரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி என்று ஊர் எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதிலிருந்து தொடங்குகிறார். ஒரு காலத்தில் சாதியில் மேலே இருந்தவரிடமே நிலமும் இருந்தது, ஊர் அதிகாரமும் இருந்தது. அவர் போன காலத்தில் பஞ்சாயத்து அதிகாரம் பிராமணரல்லாதாரிடம் நகர்ந்திருந்தது, நிலம் கைமாறிக்கொண்டிருந்தது, சாதி அடுக்கு மட்டும் அதே வேகத்தில் மாறவில்லை. மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதை ஸ்ரீபுரத்துத் தெருக்களில் பார்த்தபின் வெபர் சொல்வது புரியாமல் போகாது. அதன்பின் தன் ஊர் பஞ்சாயத்துத் தேர்தலை நினைத்துப் பார்த்தால் எழுதக் கை பரபரக்கும்.

வேலை செய்யும் இடம் விடைத்தாளுக்குள் வரும்போது

ஒவ்வொரு தாளுக்கும் வீட்டிலிருந்தே எழுதித் தர வேண்டிய அசைன்மெண்டில் வழக்கமாக ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 500 சொல்லளவில் விடை. 'அந்நியமாதல் பற்றிய மார்க்சின் கருத்தை விளக்குக' என்று ஒரு கேள்வி வருகிறது. திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசராக இருப்பவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் முறை உட்காரும்போது, தொழிலாளர்கள் கஷ்டப்படுகிறார்கள், பன்னிரண்டு மணி நேரம் வேலை, சம்பளம் குறைவு என்று எழுதுவார். எல்லாம் உண்மை. ஆனால் அது செய்தித்தாள் வாசகர் கடிதம் போலத்தான் இருக்கும். சமூகவியல் விடை ஆகாது.

இரண்டாம் முறை கருத்திலிருந்து தொடங்க வேண்டும். 1844இல் எழுதிய கைப்பிரதிகளில் மார்க்ஸ் நான்கு விதமான அந்நியமாதலைச் சொல்கிறார். தான் செய்த பொருளிடமிருந்து, செய்கிற வேலையிடமிருந்து, மனித இயல்பிடமிருந்து, சக மனிதரிடமிருந்து. இப்போது கம்பெனியின் வேலைத் தளத்துக்கு வரலாம். ஒருவர் காலர் மட்டும் வைக்கிறார். அடுத்தவர் கை மட்டும் மூட்டுகிறார். கடைசியில் பேக்கிங்கில் ஒரு பெண் வெளிநாட்டுக் கடையின் விலைச்சீட்டை, யூரோவில் போட்ட விலையோடு, சட்டையில் கோத்துவிடுகிறார். அந்தச் சட்டையின் விலை என்ன என்பது அவர் கையாலேயே தொங்கவிடப்படுகிறது. அந்தச் சட்டையில் அவருக்கு வந்தது எவ்வளவு என்பதும் அவருக்குத் தெரியும். முதல் வகை அந்நியமாதலுக்கு இதைவிடத் தெளிவான சான்று எந்த கைடிலும் கிடைக்காது.

மூன்றாவது படிதான் நல்ல மதிப்பெண்ணைத் தருவது. கருத்து எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது. பவர்டேபிள் என்னும் தையல் மெஷினில் உட்காரும் டெய்லர்களில் சிலர் ஷிப்ட் கணக்கைவிடப் பீஸ் ரேட்டையே விரும்புகிறார்கள். கணவனும் மனைவியுமாக வந்து வேகமாக அடித்துவிட்டு, ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் நிம்மதியாகப் போகலாம் என்கிறார்கள். கான்ட்ராக்ட் எடுத்தவர் நேற்றுவரை பக்கத்து மெஷினில் தைத்தவராக இருக்கலாம். நாளை தானும் சொந்த யூனிட் போடலாம் என்ற நினைப்பு தளத்தில் பலருக்கு இருக்கிறது. இந்த இடத்தில் 2004இல் வந்த ஷரத் சாரியின் திருப்பூர் ஆய்வைக் கொண்டுவர வேண்டும். விவசாயக் கூலியிலிருந்தும் பனியன் கம்பெனி வேலையிலிருந்தும் முதலாளிகளாக உயர்ந்த கவுண்டர்கள், தங்கள் உயர்வுக்குக் காரணமாக உழைப்பையே சொல்வதை அவர் ஆராய்ந்தார். உழைப்பாளியை அந்நியமாக்கும் உழைப்பே முதலாளியின் பெருமையாகவும் மாறுகிறது என்றால், மார்க்சை எப்படிப் படிப்பது? முடிந்த முடிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்றில்லை. கேள்வியைச் சரியாக எழுப்பினாலே விடை தனியாகத் தெரியும்.

இதேபோல் செவிலியர் ஒருவருக்கு வார்டில் யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது அடுக்கமைவுப் பாடம். ரேஷன் கடைக்காரருக்குக் குடும்ப அட்டையில் யாரைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள் என்பது குடும்பம் பற்றிய பாடம்.

இப்படி எழுத ஒரு நோட்டு வேண்டும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, தனக்குத் தோன்றியது என்று தனித்தனியே எழுதிவந்தால், ஆய்வு முறையியல் தாளில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். தேதி கட்டாயம் போட வேண்டும். அதைப் படமெடுத்து வேறிடத்தில் ஒரு படி வைப்பதும் அவசியம். மைசூருக்கு அருகில் ராம்புரா என்று தான் பெயரிட்ட ஊரில் 1948இல் களப்பணி செய்த சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ், பல ஆண்டுகளாகச் சீராக்கி வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளையும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரே அறையில் வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் அந்தக் கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டது, மூன்றும் எரிந்துபோயின. நினைவிலிருந்தே எழுதலாமே என்று நண்பரான மானிடவியலாளர் சால் டாக்ஸ் சொன்ன யோசனையிலிருந்து பிறந்ததுதான் 1976இல் வந்த 'நினைவில் நிற்கும் கிராமம்' என்ற புகழ்பெற்ற ஆங்கில நூல். சீனிவாஸுக்கு அந்த நினைவாற்றல் இருந்தது. மற்றவர்கள் படியெடுத்து வைப்பதே மேல்.

ராம்புராவும் ஸ்ரீபுரமும் மாற்றுப் பெயர்கள் என்பதிலும் ஒரு பாடம் உண்டு. கம்பெனி பெயர், சக ஊழியர் பெயர், நோயாளி பெயர் எதுவும் அசைன்மெண்டில் வரக் கூடாது. தன்னை நம்பிப் பேசியவரின் பிழைப்புக்கு ஆபத்து வராமல் காப்பது சமூகவியல் படிக்கிறவரின் முதல் கடமை.

கடைகளிலும் இணையத்திலும் 'சால்வ்டு அசைன்மெண்ட்' விற்கிறார்கள். வாங்கிப் பார்த்து எழுதுவது பணத்துக்கும் நேரத்துக்கும் நஷ்டம். ஒரே விடையை ஐம்பது பேரின் கையெழுத்தில் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். சொந்தமாகக் கையால் எழுதி, ஒப்படைப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுத்து, பல்கலைக்கழகத்தின் ஸ்டடி சென்டரில் ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். மதிப்பெண் பதிவேறாமல் போனால் அந்தத் தாளே துணை.

மூன்று மணி நேரம், ஐந்து விடை

பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. மூன்று மணி நேரத்தில் ஐந்து கேள்விகள் என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். இரண்டு பிரிவுகளிலிருந்தும் குறைந்தது இரண்டிரண்டு கேள்விகள் எழுத வேண்டும் என்று வினாத்தாளில் இருக்கும். அதைக் கவனிக்காமல் ஒரே பிரிவில் நான்கு எழுதியவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள். பத்து வருடமாகக் கைபேசியில் மட்டும் எழுதிவந்தவருக்குப் பெரிய எதிரி கைவலிதான். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே வாரத்துக்கு ஒரு விடையைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழக வேண்டும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஐந்தாறு பருவத் தாள்களைப் பரப்பி வைத்தால் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் தெரிந்துவிடும்.

ஸ்டடி சென்டர் வகுப்புகளைப் பற்றி அதிக எதிர்பார்ப்பு வேண்டாம். சமூகவியலுக்கு ஆள் குறைவாக இருக்கும் ஊர்களில் வகுப்பே நடக்காமல் போகலாம். அதே தாளை எழுதும் இரண்டு பேரைத் தேடிப்பிடித்து, ஞாயிறு காலை ஒரு மணி நேரம் போனில் ஒருவருக்கொருவர் ஒரு பாடத்தை விளக்குவது அதைவிடப் பலன் தரும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறவர்கள் முதலில் தமிழில் பேசி விளக்கிவிட்டு, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதலாம். மதிப்பெண் கருத்துக்குத்தான், நடைக்கு அல்ல.

விருப்பத் தாள்களைத் தன் வாழ்க்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசிரியருக்குக் கல்வியின் சமூகவியல். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ குடும்பத்தில் ஆள் இருப்பவருக்குப் புலம்பெயர் சமூகங்கள் பற்றிய தாள். உள்ளாட்சி உறுப்பினருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் அதிகாரப் பரவலாக்கம். நகரச் சமூகவியல், சமயத்தின் சமூகவியல் இரண்டும் எல்லோருக்கும் கைகொடுக்கும்; குடிமைப் பணித் தேர்வில் சமூகவியலுக்கு உள்ள 250 மதிப்பெண் வீதமான இரண்டு தாள்களிலும் அவற்றின் பகுதிகள் வருகின்றன.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வில் சமூகவியலின் குறியீட்டு எண் 05. அதற்குப் பொதுப்பிரிவினர் முதுகலையில் 55 விழுக்காடு வாங்கியிருக்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. இக்னோவில் தேர்ச்சிக்கு அசைன்மெண்டிலும் தேர்விலும் தனித்தனியே 40 போதும் என்பதால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அசைன்மெண்டுக்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70 விழுக்காடு என்பது கணக்கு. அசைன்மெண்டில் 75 வாங்கியவருக்கு 22.5 கையில் இருக்கும். தேர்வில் 47 எடுத்தாலே 55ஐத் தாண்டிவிடுவார். அசைன்மெண்டில் 50 வாங்கியவர் தேர்வில் 58 எடுத்தாக வேண்டும். பட்டம் முடிந்தபின் 55க்கு 2 விழுக்காட்டுக்குள் குறைகிறவர்கள் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளச் சில தாள்களை மறுபடி எழுத இக்னோ அனுமதிக்கிறது. ஆனால் படிப்புக்கான அதிகபட்சக் காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மொத்தக் கிரெடிட்டில் கால் பங்குக்கு மேல் திரும்ப எழுத முடியாது.